மஞ்சள் காட்டுற ஹார்ட் டிஸ்க்க மாத்தித் தருவாங்களா?

கேள்வி: 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. கொஞ்ச நாளா ஃபோட்டோ ஃபோல்டர திறந்தா அப்படியே நின்னுடுது. டிஸ்க் எப்படி இருக்குன்னு காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர்ல மஞ்சளா காஷன்னு வருது, கரண்ட் பெண்டிங் செக்டார்ல 18னு இருக்கு. வாரண்டி இன்னும் முடியல. ஃபுல் ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்னு ஃப்ரெண்ட் சொல்றான், அடிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு தொடாதீங்க. அந்த 18 நிஜத்துல 24, ஏன்னா அந்த சாஃப்ட்வேர் நாம மாத்தாத வரைக்கும் ஹெக்ஸ்லதான், அதாவது பதினாறு பதினாறா எண்ணுற முறைலதான் காட்டும். பெண்டிங்னா டிஸ்க்கால படிக்க முடியாம, இத அப்புறம் பாத்துக்கலாம்னு ஒதுக்கி வச்ச இடம். ஃபுல் ஃபார்மட் அடிச்சா அந்த இடத்து மேல புதுசா எழுதும், எழுத முடிஞ்சா லிஸ்ட்ல இருந்து எடுத்துடும், முடியலன்னா அதுக்குப் பதிலா ஸ்பேர் செக்டார வச்சுட்டு ரீஅலொகேட்டட், அதாவது மாத்தி வச்ச செக்டார் கணக்குல ஏத்திடும். எப்படியும் பெண்டிங் ஜீரோ ஆயிடும், பாக்க நல்லாயிட்ட மாதிரியே இருக்கும், ஆனா ஃபோட்டோவும் போச்சு, கம்பெனிகிட்ட காட்ட வேண்டிய ஆதாரமும் போச்சு.

(அதே லிஸ்ட்ல சி7, அதாவது டேட்டா போய் வர்ற வழியில வர்ற சிஆர்சி எரர் மட்டும் ஏறியிருந்தா வேற கதை, அனேகமா கேபிள்தான் காரணமா இருக்கும்.)

முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு டேட்டாவ காப்பி பண்ணுங்க. மொத்தமா இழுத்துப் போடாம முக்கியமானத முதல்ல, சின்ன சின்ன ஃபோல்டரா, நிக்கிற ஃபைல விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே கழட்டிடுங்க, அதுக்கு மேல ஓட்டுறது ஆபத்து. வாரண்டில கிடைக்கிறது டிஸ்க் மட்டும்தான், உள்ள இருக்கிற ஃபோட்டோவுக்கு எந்த கம்பெனியும் பொறுப்பு எடுக்காது.

காப்பி முடிஞ்சப்புறம் டெஸ்ட். சீகேட்னா சீடூல்ஸ், டபிள்யூடின்னா அவங்க டூல்னு அந்தந்த கம்பெனி சாஃப்ட்வேர்லயே டிஸ்க்க முழுசா படிச்சுப் பாக்குற லாங் டெஸ்ட் போடுங்க, ஃபெயில்னு வந்தா அதுதான் அவங்ககிட்ட எடுபடும். 4 டிபிக்கு பல மணி நேரம் ஆகும், நடுவுல லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகாம பாத்துக்கங்க. சீரியல் நம்பர கம்பெனி சைட்ல போட்டா வாரண்டி தேதி வரும், உங்க பில்லுல இருக்கிற தேதிய விட முன்னாடியே முடியுற மாதிரி இருந்தா பில்ல அனுப்பி திருத்தச் சொல்லிக் கேளுங்க. உள்ள இருக்கிற டிஸ்க்க தனியா பாக்கலாம்னு கேஸ மட்டும் திறந்துடாதீங்க, வாரண்டி போயிடும். திரும்பி வர்றது பெரும்பாலும் ரீஃபர்பிஷ்டு டிஸ்க்தான், புதுசு வரும்னு எதிர்பாக்க வேண்டாம்.

பேக்கிங்ல அசால்ட்டா இருக்காதீங்க, நான் ஒருதடவ நியூஸ்பேப்பர்ல சுத்தி அனுப்பி பேக்கிங் சரியில்லன்னு அப்படியே திருப்பி விட்டுட்டாங்க. ஆன்டிஸ்டாடிக் கவர், சுத்தி நல்ல தடிமனா ஃபோம்.

ஆர்எம்ஏ நம்பர், அதாவது டிஸ்க்க திருப்பி அனுப்ப கம்பெனி தர்ற அனுமதி நம்பர் கைக்கு வந்து, அனுப்பப்போற அன்னைக்கு டிஸ்க் இன்னும் உயிரோட இருந்தா, உங்க ஃபோட்டோ வேற யார் கண்ணுலயும் படாம இருக்க ஃப்ரெண்ட் சொன்ன அந்த ஃபுல் ஃபார்மட்ட அப்ப அடிங்க.