கோடிங் தெரியாத பெற்றோர், பிள்ளை ரோப்லாக்ஸில் சொந்தமாக ஆபி கட்ட எப்படி உதவுவது?

பையன் கட்டிய மேடைகள் பிளே அமுக்கியதும் பொலபொலவென்று விழுகின்றன, உங்களுக்கோ கோடிங் தெரியாது என்று கேட்டிருக்கிறீர்கள். கோடிங் கவலையை விடுங்கள். ஆபி என்பது தடைகளைத் தாண்டி மேடைக்கு மேடை குதிக்கும் விளையாட்டு. அதில் முக்கால்வாசி வேலை டிக் பெட்டியிலும் எண்களிலும் முடிந்துவிடும். (கேம் கட்டும் மென்பொருளான ரோப்லாக்ஸ் ஸ்டூடியோ விண்டோஸ், மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். டேப்லெட்டில் தேடாதீர்கள்.)

மேடை விழக் காரணம் ‘ஆங்கர்டு’ (இடத்தில் அசையாமல் நிறுத்துவது) டிக் இல்லாததுதான். அது இல்லாவிட்டால் ஈர்ப்பு விசை இழுக்கும், கீழே தரையும் இல்லையென்றால் மைனஸ் 500 உயரத்தில் பொருளே அழிந்துவிடும். கேமில் உள்ளதையெல்லாம் காட்டும் எக்ஸ்ப்ளோரர் பட்டியலில் முதல் பார்ட்டை (மேடைக் கட்டையை) தொட்டு, ஷிஃப்டைப் பிடித்தபடி கடைசியைத் தொட்டு, அமைப்புகள் இருக்கும் ப்ராப்பர்ட்டீஸில் ஒரே தடவை டிக் செய்தால் போதும்.

அடுத்து இடைவெளி. ஆட்டக்காரரின் உருவம் நொடிக்கு 16 ஸ்டட் (ரோப்லாக்ஸின் நீள அளவு) நடக்கும், 7.2 ஸ்டட் உயரம் குதிக்கும். ஈர்ப்பு 196.2. கணக்குப் போட்டால் காற்றில் இருப்பது அரை நொடிக்குச் சற்று மேல், அதற்குள் கடப்பது எட்டரை ஸ்டட். அதனால் ஆரம்ப மேடைகளுக்கு 5, கஷ்டமான இடத்துக்கு 8 என்று வைக்கச் சொல்லுங்கள். மேலே ஏறும் படி என்றால் 5 ஸ்டட் உயரத்தைத் தாண்ட வேண்டாம், ஏறும்போது தூரமும் குறையும். பிள்ளைகள் இடைவெளியைப் பெரிதாக வைத்துவிட்டு ‘கேம் ரிப்பேர்’ என்பார்கள்.

கண்ணீர் வருவது வேறு இடத்தில். பிளே ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறம் மாற்றுவார்கள், மேடையை நகர்த்துவார்கள். ஸ்டாப் அமுக்கியதும் அத்தனையும் போய்விடும். டெஸ்ட்டில் செய்த மாற்றம் சேமிப்பில் சேராது. இதைச் சத்தமாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விழுந்தால் பாதியிலிருந்து தொடங்க வேண்டுமா? அதற்கும் ஸ்கிரிப்ட் (கோடு எழுதுவது) வேண்டாம். ஆட்டக்காரர் முளைக்கும் இடமான ஸ்பான் லொகேஷன் ஒன்றை செக்பாயிண்டாக வைத்து, ‘நியூட்ரல்’ டிக்கை எடுங்கள், ‘அலவ் டீம் சேஞ்ச் ஆன் டச்’ டிக்கைப் போடுங்கள், டீம் கலரில் ஒரு நிறம் கொடுங்கள். பிறகு அணிகளை வைக்கும் டீம்ஸ் சர்வீஸுக்குள் அதே நிறத்தில் ஒரு டீம். ஒவ்வொரு செக்பாயிண்டுக்கும் தனி நிறம். முதல் டீமுக்கு மட்டும் ‘ஆட்டோ அசைனபிள்’ (புதிதாக வருபவரைத் தானாகச் சேர்ப்பது) டிக் இருக்கட்டும், மற்றதில் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் ஆட்டக்காரர் ஏதோ ஒரு நடுக்கட்டத்தில் முளைப்பார். நிறம் ‘ஏறக்குறைய’ அதே என்பது வேலைக்கு ஆகாது, பெயர் உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். பழைய செக்பாயிண்டைத் திரும்ப மிதித்தால் கட்டமும் பின்னால் போகும், ஆகவே திரும்பி நடக்க வழி விடாமல் கட்டுங்கள். வெளியேறி மறுபடி வந்தால் முதலிலிருந்துதான். முன்னேற்றத்தைச் சேமிக்க ஸ்கிரிப்ட் தேவை.

எரிமலைக் கட்டைக்கும், அதாவது தொட்டால் சாகடிக்கும் பார்ட்டுக்கும், சின்ன ஸ்கிரிப்ட் வேண்டும். அது அந்தப் பார்ட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். தொட்டது எதுவோ அதன் பேரன்ட்டில் (அதை உள்ளடக்கிய பொருளில்) உயிருள்ள உருவத்தின் அடையாளமான ஹ்யூமனாய்ட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஹெல்த்தை (உயிர் அளவை) பூஜ்யமாக்கும். அந்தச் சோதனையை விட்டால், உருண்டு வந்த பந்து தொட்டாலே அவுட்புட் ஜன்னலில் பிழையைச் சொல்லும் சிவப்பு வரி. ஹெல்த்தை நேரே மாற்றாமல் டேக் டேமேஜ் என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், ஸ்பான் ஆன பின் வரும் கவசம் 10 நொடிக்குக் காக்கும். ‘சாகவே மாட்டேங்குது’ என்று பையன் சொன்னால் ஸ்பானின் ‘டியூரேஷனை’ 0 ஆக்குங்கள்.

ஸ்டூடியோவின் டூல்பாக்ஸில் மற்றவர்கள் செய்த மரம், கார் மாடல்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு மரத்துக்குள் ஸ்கிரிப்ட் எதற்கு? எக்ஸ்ப்ளோரர் தேடல் பெட்டியில் ‘ஸ்கிரிப்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். அலங்காரப் பொருளுக்குள் இருந்தால் தயங்காமல் அழியுங்கள். ஸ்கிரிப்டுக்குள் ரிக்வயர் (require) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நீளமான எண் இருந்தால் வெளியிலிருந்து கோடை இழுக்கிறது என்று பொருள், மாடலையே தூக்கிப் போடுங்கள்.

‘பிள்ளைக்கு ரோப்லாக்ஸா?’ என்று கீழே யாராவது வருவார்கள். முன்பின் தெரியாதவர்களோடு அரட்டை அடிப்பது வேறு, ஸ்டூடியோவில் உட்கார்ந்து கட்டுவது வேறு. வெளியிடாமலே வைத்திருக்கலாம். எனக்கு எரிச்சல் அதில் இல்லை. ஆறு வயதுக் குழந்தையை ‘வருங்கால சிஇஓ’ என்று விளம்பரம் செய்து, மேலே சொன்ன டிக் பெட்டிகளைச் சான்றிதழோடு காசுக்கு விற்கிறார்களே, அந்த வகுப்புகளில்தான். இதற்கு அது தேவையே இல்லை.

சேமிக்கும்போது ஃபைல் மெனுவில் ‘சேவ் டு ஃபைல்’ கொடுத்து, பெயரோடு தேதியையும் சேருங்கள். பெரிய மாற்றத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் புதுப் பெயர். அப்போதுதான் நேற்றைய மேடைக்குத் திரும்ப முடியும்.