ஒகேனக்கல் தண்ணீரில் ரசாயனம் கலக்கிறார்கள் என்கிறார்களே, குழந்தைக்கு அதைக் கொடுக்கலாமா?

குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரில், அதாவது சுத்திகரித்து அனுப்பும் காவிரித் தண்ணீரில், மருந்து வாடை அடிப்பதாகவும், குளோரின் புற்றுநோயைக் கொண்டுவரும், ஃப்ளோரைடைக் கலந்து பிள்ளைகளின் மூளையை மழுங்கடிக்கிறார்கள் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் காணொளிகள் வருவதாகவும், அதனால் 4 வயது மகளுக்கு வீட்டு போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரையே கொடுத்து வருவதாகவும் எழுதி, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் எனக்கு, இந்த மாவட்டத்தில் பயம் ஒரு பக்கமும் ஆபத்து வேறு பக்கமும் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

ஃப்ளோரைடு பற்றி உங்களுக்கு வந்த காணொளிகளின் மூலம் பெரும்பாலும் அமெரிக்கா. அங்கே பல் சொத்தையைத் தடுப்பதற்காக 1945-ல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் தொடங்கி, குடிநீரில் ஃப்ளோரைடைச் சேர்க்கும் வழக்கம் பரவியது. இன்று அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அந்தச் சர்ச்சையை அப்படியே மொழிபெயர்த்து, அரசாங்கம் நம் தண்ணீரிலும் கலக்கிறது என்று குரல் கொடுத்துவிடுகிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அதை யாரும் கலப்பதில்லை. நம் காலுக்குக் கீழே இருக்கும் கருங்கல் பாறையின் கனிமங்களிலிருந்து அது தானாகவே நிலத்தடி நீரில் கரைகிறது. தண்ணீர் பாறை இடுக்குகளில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்குக் கரைய வாய்ப்பு உண்டு. கிணறுகள் வற்றி நாம் மேலும் மேலும் ஆழமாக போர் போட்டது பல ஊர்களில் நிலைமையை மோசமாக்கியது. இந்திய தர நிர்ணய அமைப்பின் வரையறைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. இந்த இரண்டு மாவட்டங்களிலும் அந்த எல்லையைத் தாண்டிய போர்கள் ஏராளம்.

அதன் விளைவைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வகுப்பில் முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கும்போது பாருங்கள்: சிலரின் பல்லில் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைத் திட்டுகள் இருக்கும், சிலருக்கு முன்பற்களின் குறுக்கே காவிக் கோடு ஓடும். எத்தனை முறை தேய்த்தாலும் அது போகாது, ஏனென்றால் அது பல்லின் மேல் படிந்த கறையன்று, ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்திலேயே எனாமலில் ஏற்பட்ட குறை. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசும் பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதே தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் பாதிக்கப்படும். முதுகும் கழுத்தும் இறுகி, குனியவும் திரும்பவும் முடியாமல் போகும் பெரியவர்களை நம் ஊர்களில் வயதாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இது புதிதாகக் கண்டுபிடித்த நோயுமன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1937-லேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள்.

மூளை பற்றிய செய்தியில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024-ல் வெளியிட்ட மீளாய்வு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள சூழலில் வளரும் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு குறைவாக இருப்பதோடு அதற்குத் தொடர்பு காணப்படுவதாகச் சொல்கிறது. காணொளி தயாரித்தவர்கள் விட்டுவிடுவது அந்த 1.5 என்ற எண்ணைத்தான். நம் ஊரில் அந்த எண்ணைத் தாண்டுவது எது? நீங்கள் நம்பிக் குடிக்கும் போர் தண்ணீராகத்தான் இருக்கும். சுத்திகரித்து வரும் காவிரித் தண்ணீரன்று. 1,928 கோடி ரூபாய் மதிப்பில், ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் சேர்ந்திருக்கிறது.

குளோரின் வாடைக்கு வருகிறேன். பிளீச்சிங் பவுடரோ குளோரின் வாயுவோ கலப்பது கிருமிகளைக் கொல்வதற்காக. தெருக்கோடிக் குழாய் வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் 5 மில்லிகிராம் வரை வழிகாட்டு அளவாக வைத்திருக்கிறது. தண்ணீரில் உள்ள இலைதழைக் கழிவுகளோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் போன்ற பொருள்கள் சிறிதளவு உண்டாகின்றன என்பது உண்மைதான். ஆனால் குளோரின் போடாத தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் ஆபத்தோடு ஒப்பிட்டால் அது மிக மிகச் சிறியது என்பதே அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. வாடை பிடிக்கவில்லையென்றால் குடத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும், காய்ச்சினாலும் போய்விடும். ஃப்ளோரைடு அப்படியன்று. அதற்கு வாடையோ நிறமோ இல்லை, நம் ஊர்த் தண்ணீரில் இருக்கும் அளவில் நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினால் தண்ணீர் வற்றி அதன் செறிவு கூடும். செப்புக் குடத்தில் ஊற்றி வைப்பதாலும் நீங்காது.

வீடு வீடாக வந்து இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் காட்டும், தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திர விற்பனையாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கும் ஒருவர் வந்தார். குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், இயந்திரத் தண்ணீர் ஒரு டம்ளர் வைத்து மின்சாரம் பாய்ச்சினார். முதல் டம்ளர் பழுப்பாகி, சேறு போலத் திரண்டது, பார்த்த பெண்கள் பதறிப்போனார்கள். அவருடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொன்னேன். அதுவும் பழுப்பானது. அந்த நிறம் தண்ணீரிலிருந்து வருவதன்று. உப்பு கலந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால், இரும்புக் கம்பியே கரைந்து துருவாகத் திரள்கிறது. அவர்கள் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் கரைந்துள்ள மொத்த உப்பை மட்டுமே தோராயமாகச் சொல்லும். 500 என்று காட்டும் தண்ணீரில் ஃப்ளோரைடு அரை மில்லிகிராமா மூன்று மில்லிகிராமா என்று அதற்குத் தெரியாது. சவ்வின் வழியே தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் ஃப்ளோரைடைப் பெருமளவு நீக்கும் என்பதால், போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாத வீட்டுக்கு அது பயன்படும், சவ்வை உரிய காலத்தில் மாற்றினால். ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டுக்கு அது தேவையில்லை.

உங்கள் சந்தேகத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. ஒகேனக்கல் தண்ணீர் எல்லா ஊருக்கும் எல்லா நாளும் வருவதில்லை. வராத நாள்களில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிவிடும் ஊர்கள் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் அப்படி நடக்கிறதா என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேளுங்கள். ஊராட்சியில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. என் கோபமெல்லாம் இதன்மேல்தான், ஏனென்றால் வாட்ஸ்அப் பயம் இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

வீட்டு போர், தெருக் குழாய் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு லிட்டர் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே தண்ணீரால் அலசிவிட்டுப் பிடியுங்கள். எங்கே, எந்தத் தேதியில் பிடித்தது என்று எழுதி ஒட்டி, ஃப்ளோரைடு அளவு வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். முடிவு வரும் வரை மகளுக்குக் குடிக்கவும் சோறு, குழம்பு, கூழ் ஆக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பயன்படுத்துங்கள். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் போதும். முன்பக்க நிலைத்த பற்கள் ஏறக்குறைய 6 வயதுக்குமேல் முளைக்கின்றன. அவற்றின் எனாமல் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது.