12 புத்தகங்கள், ஒரு மணி நேரப் பேட்டி

கேள்வி: ஒரு நாவலாசிரியர் எனக்குப் பேட்டி தர ஒப்புக்கொண்டிருக்கிறார், ஒரு மணி நேரம். 12 புத்தகங்கள் எழுதியவர். நான் படித்தது இரண்டுதான். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் போக வேண்டுமா? கேள்விகளை முன்கூட்டியே கேட்கிறார், அனுப்பலாமா?

பதில்: நேரம் இருந்தால் எல்லாவற்றையும் படியுங்கள். இல்லையென்றால் மூன்று போதும்: முதலில் வந்தது, கடைசியாக வந்தது, அதிகம் பேசப்படாமல் போன ஒன்று. கடைசிப் புத்தகத்தை மட்டும் இரண்டு முறை, கையில் பென்சிலோடு. பேசப்படாத புத்தகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அவர் முகமே மாறும். வீட்டில் நோஞ்சான் பிள்ளையை நலம் விசாரித்த மாதிரி.

அப்புறம், அவருடைய பழைய பேட்டிகள். பலரும் செய்யாமல் விடும் வேலை இது. ‘எப்படி எழுத வந்தீர்கள்?’ என்பதற்கு நாலு இடத்தில் ஒரே பதிலை, கிட்டத்தட்ட அதே சொற்களில் சொல்லியிருப்பார். நீங்களும் கேட்டால் ஐந்தாவது முறையும் அதுவே வரும். புத்தகத்துக்குள்ளிருந்து கேளுங்கள்: ‘அம்மாவின் கடிதத்தை அந்தப் பெண் கடைசிவரை பிரிக்கவே இல்லையே, அதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?’ இதற்கு அவரிடம் தயாராகப் பதில் இருக்காது. யோசித்துத்தான் சொல்லியாக வேண்டும்.

கேள்விகளை அனுப்புவது பற்றி: நான் எதைப் பற்றியெல்லாம் பேசப்போகிறோம் என்பதை மட்டும் சொல்லி அனுப்புவேன். முழுக் கேள்வி கைக்குப் போனால் பதில் கட்டுரையாகத் திரும்பி வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவ் கேள்விகளை எழுத்தில் வாங்கி, பதில்களையும் எழுதியே கொடுத்தவர். படிக்க அருமையாக இருக்கும். ஆனால் உரையாடல் அல்ல. உங்கள் எழுத்தாளர் விடாமல் கேட்டால் ஐந்தாறு கேள்விகளை அனுப்பிவிட்டு, மற்றவை பேச்சோடு வரும் என்று சொல்லிவிடுங்கள்.

பேச்சோடு வரும் அந்தத் துணைக்கேள்விகளில்தான் பேட்டிக்கு உயிர். 1958இல் பாரிஸ் ரிவ்யூ என்ற இலக்கிய இதழில், அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயை ஜார்ஜ் பிளிம்ப்டன் எடுத்த பேட்டி வந்தது. ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக அதில் ஹெமிங்வே சொல்கிறார். ஆச்சரியப்பட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கலாம். பிளிம்ப்டன் தாவவில்லை, அப்படி என்ன தடுத்தது என்று கேட்டார். சொற்கள் சரியாக அமைய வேண்டியிருந்தது என்று பதில் வந்தது. அந்தப் பேட்டியில் பலருக்கும் நினைவிருப்பது இந்த இடம்தான். கையிலிருக்கும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படிக் கேட்கத் தோன்றாது. 15 கேள்விகள் எழுதிக்கொண்டு போங்கள், ஆறு கேட்டாலே நல்ல பேட்டிதான். அவர் பேசி நிறுத்தியதும் நீங்கள் உடனே வாயைத் திறக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அவரே தொடர்வார்.

ஒலிப்பதிவை இரண்டு கருவிகளில் செய்யுங்கள். என் ரெக்கார்டர் ஒரு முறை இருபதாவது நிமிடத்தில் நின்றுபோனது எனக்குத் தெரியவே இல்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்துக்குக் கொண்டுவர நாலு மணி நேரமாவது ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் அவருக்குக் காட்டுவீர்களா என்பதையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பாரிஸ் ரிவ்யூ, பேட்டி தந்த எழுத்தாளர்களே திருத்த இடம் கொடுக்கிறது. செய்தித்தாள்கள் பலவும் காட்டுவதில்லை. இரண்டும் சரிதான், நடுவில் மாற்றுவதுதான் தகராறு.

இன்னொன்று. ரெக்கார்டரை அணைத்துவிட்டு நீங்கள் எழுந்திருக்கும்போதுதான் பல எழுத்தாளர்கள் நல்ல விஷயத்தை ஆரம்பிப்பார்கள். அதை எழுதலாமா என்று அங்கேயே, வாசலில் வைத்தே கேட்டுவிடுங்கள்.