4 வயசு பையனுக்கு ஆட்டிசம், இன்னும் பேச்சு வரல. ஏதாவது வேணும்னா கைய பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஃப்ரிட்ஜ் முன்னாடி நிறுத்தறான், சத்தமும் ஒத்துக்கல. தெரபி தவிர வீட்ல நாங்க என்ன பண்ணலாம்?

பேச்சு வரல பேச்சு வரலன்னு அதையே பிடிச்சுட்டு இருக்காதீங்க. தனக்கு வேண்டியத கேக்க அவனுக்கு முதல்ல ஒரு வழி வேணும், பேச்சு அப்புறம். என் பொண்ணுக்கு மூணு வயசுல ஆட்டிசம்னு சொன்னாங்க, இப்ப ஒன்பது ஆகுது, வீட்ல பாத்து பழகினத வெச்சுதான் சொல்றேன்.

கைய பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஃப்ரிட்ஜ் முன்னாடி நிறுத்தறான்னு எழுதிருக்கீங்க, அவன் கேக்கறதுதாங்க அது. அங்கேருந்தே ஆரம்பிங்க. அவன் டம்ளர், அவன் சாப்பிடற பிஸ்கட், ஊஞ்சல் எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து (நெட்ல கிடைக்கற ஏதோ டம்ளர் வேணாம், அவனோடதே இருக்கணும்) பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி அவன் கைக்கு எட்டற மாதிரி வெல்க்ரோல ஒட்டி வைங்க. அவன் படத்த எடுத்து உங்க கையில குடுத்ததும் "தண்ணி"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு உடனே தண்ணிய குடுத்துடணும். முதல்ல கொஞ்ச நாள் அவங்கப்பா பின்னாடி உக்காந்து அவன் கைய பிடிச்சு குடுக்க வைக்கட்டும், அப்புறம் மெதுவா விட்டுடலாம். "சொல்லு, சொன்னாதான் தருவேன்"னு மட்டும் நிக்காதீங்க, அழுகைதான் மிஞ்சும். படம் காட்டிப் பழக்கினா பேச்சே வராதுன்னு வீட்ல பெரியவங்க சொல்வாங்க, எங்க வீட்லயும் சொன்னாங்க, ஆனா ஆராய்ச்சி பண்ணினவங்க யாரும் அப்படி பேச்சு குறைஞ்சதா பாக்கல, சில பிள்ளைங்களுக்கு பேச்சு அதிகமாத்தான் ஆகிருக்கு. கார்டு நல்லா பழகினப்புறம் ஆவாஸ்னு ஒரு ஆப் பாருங்க, படத்த தொட்டா அந்த வார்த்தைய அதுவே பேசும், சென்னைக்காரங்க பண்ணினது, தமிழ்லயும் இருக்கு.

நாம "பிஸ்கட் வேணுமா?"ன்னு கேக்கறோம், பேச்சு வர ஆரம்பிக்கறப்போ, பிஸ்கட் வேணும்னா அவனும் அதே ராகத்துல "வேணுமா?"ன்னு சொல்லலாம். கிளிப்பிள்ளை மாதிரி சும்மா சொல்றான்னு நினைக்காதீங்க, அவன் கேக்கறான். அதனால கேள்வியா கேக்கறத குறைச்சுட்டு அவன் வாயால சொல்ல வேண்டியத நீங்களே சொல்லுங்க, "பிஸ்கட் வேணும்", "போதும்", "வலிக்குது". இந்த "போதும்"ம கண்டிப்பா கத்துக்குடுங்க, வேண்டாம்னு சொல்ல வழி இல்லாத பிள்ளைதான் தட்டை தூக்கி எறியும், கடிக்கும். வீட்ல தமிழ விட்டுட்டு இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு பேச்சு தாமதமாகறது இல்ல, பாட்டி கூட எந்த மொழியில பேசுவான் சொல்லுங்க?

சத்தம் பத்தி கேட்டிருந்தீங்க. மிக்ஸி போடறதுக்கு முன்னாடி மிக்ஸி படத்த காட்டிட்டு போடுங்க, தீபாவளிக்கு காதுக்கு இயர்மஃப் வாங்கி அதுக்கு ரொம்ப முன்னாடியே மாட்டிப் பழக்குங்க. எங்க பொண்ணுக்கு பழைய காட்டன் புடவையில தூளி கட்டி விட்டோம், ஸ்கூல் விட்டு வந்ததும் அதுக்குள்ள போய் சுருண்டுக்குவா, இன்னைக்கும்தான் (கொக்கி வெயிட் தாங்குமான்னு பாத்துக்கோங்க).

போன் பாத்ததாலதான் ஆட்டிசம் வந்துச்சுன்னு உங்கள குத்தம் சொல்றவங்கள கண்டுக்காதீங்க. ஆனா போன குறைங்க, அது உங்க கூட விளையாட வேண்டிய நேரத்த தின்னுடும்.

ஸ்டெம் செல் சிகிச்சை குடுத்தா ஆட்டிசம் சரியாயிடும்னு லட்சக்கணக்குல கேப்பாங்க, பக்கத்துலயே போகாதீங்க. ரத்தம் சம்பந்தமான நோய் மாதிரி அங்கீகாரம் உள்ள சிலது தவிர வேற எதுக்கும் அத சிகிச்சையா குடுக்கக் கூடாதுன்னு 2017லயே ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வழிகாட்டுதல்ல இருக்கு.

அப்புறம் யுடிஐடி கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இப்பவே அப்ளை பண்ணிடுங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் வருது. மத்திய அரசு அமைப்பான நேஷனல் ட்ரஸ்ட்டோட நிராமயாங்கற மருத்துவ இன்சூரன்ஸ்ல ஒரு லட்சம் வரைக்கும் கவர் இருக்கு, தெரபி செலவுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். பிரைவேட் தெரபி கட்டுப்படியாகலன்னா கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில டிஇஐசி (குழந்தைகளோட வளர்ச்சிக் குறைபாட்ட சீக்கிரமே கண்டுபிடிச்சு உதவற மாவட்ட மையம்) எங்கன்னு கேளுங்க, சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல மத்திய அரசோட என்ஐஈபிஎம்டிங்கற மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் இருக்கு.