பெண்கள் கிரிக்கெட்டின் தொடக்கம்: பலகையில் எந்த ஆண்டை எழுதுவது?

கேள்வி: நான் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. விளையாட்டு விழாக் கண்காட்சிக்காக மாணவியர் பலகைகள் எழுதுகிறார்கள். ‘பெண்கள் கிரிக்கெட் 1934-இல் தொடங்கியது’ என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். ‘அகன்ற பாவாடை தடுத்ததால், கையை உயர்த்திப் பந்து வீசும் முறையை ஒரு பெண்தான் கண்டுபிடித்தாள்’ என்று இன்னொருத்தி எழுதியிருக்கிறாள். இவற்றை அப்படியே வைக்கலாமா?

பதில்: இரண்டையும் திருத்திய பிறகு வையுங்கள். 1934 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் நடந்தது பெண்களின் முதல் டெஸ்ட் போட்டி. அதில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. நாடுகளுக்கிடையிலான டெஸ்ட் ஆட்டம் தொடங்கிய ஆண்டை ஆட்டமே தொடங்கிய ஆண்டாக எழுதினால், அதற்கு முந்தைய 189 ஆண்டுகள் பலகையிலிருந்து காணாமல் போய்விடும்.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய செய்தி 1745 ஜூலை 26-ஆம் நாளுக்குரியது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், கில்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள காஸ்டன் பொதுவெளியில், பிராம்லி ஊரைச் சேர்ந்த 11 பெண்களும் ஹாம்பிள்டன் ஊரைச் சேர்ந்த 11 பெண்களும் மோதினார்கள். அனைவரும் வெள்ளை உடை அணிந்திருந்தனர். பிராம்லிப் பெண்கள் தலையில் நீல நாடாவும் ஹாம்பிள்டன் பெண்கள் சிவப்பு நாடாவும் கட்டியிருந்தனர். ஹாம்பிள்டன் 127, பிராம்லி 119 என்று ஆட்டம் முடிந்தது. அக்காலத்தில் ஓட்டங்களைக் குச்சியில் வெட்டுகளாகக் கீறி எண்ணுவார்கள் என்பதால், செய்தியிலும் அவை ‘வெட்டுகள்’ என்றே குறிக்கப்பட்டுள்ளன. பெண்கள் பந்து வீசியதும் அடித்ததும் ஓடியதும் பிடித்ததும் பெரும்பாலான ஆண்களின் ஆட்டத்துக்குக் குறையாமல் இருந்ததாக அந்தச் செய்தித்தாள் பாராட்டியிருக்கிறது. கிரிக்கெட்டின் விதிகள் முதன்முதலில் தொகுத்து எழுதப்பட்டதே 1744-இல்தான். மறு ஆண்டிலேயே இரண்டு ஊர்ப் பெண்கள் முழு அணிகளாகக் களம் இறங்கியிருக்கிறார்கள். ஆண்கள் ஆடி முடித்த ஆட்டத்தைப் பெண்கள் பிற்காலத்தில் பின்பற்றினார்கள் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இந்த ஓராண்டு இடைவெளியே போதும். உங்கள் மாணவியர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

ஆனால் ‘1745-இல் தொடங்கியது’ என்றும் எழுத வேண்டாம். செய்தித்தாளில் முதலில் பதிவான ஆட்டம் அது. ஒரே நாளில் யாரும் 127 ஓட்டம் எடுக்கக் கற்றுக்கொண்டுவிடுவதில்லை, ஆகவே அந்தப் பெண்கள் அதற்கு முன்பே ஊர் வெளிகளில் ஆடிப் பழகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பக்கத்து மாவட்டமான சசெக்ஸில் பெண்கள் விரும்பி ஆடிய ‘ஸ்டூல்பால்’ என்ற ஆட்டம் கிரிக்கெட்டை விடவும் பழைய பதிவுகளை உடையது. பால் கறக்கும் பெண்கள் தங்கள் முக்காலியை விக்கெட்டாக வைத்து ஆடியதிலிருந்து அது வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதைச் செவிவழிச் செய்தி என்று குறிப்பிட்டே எழுத வேண்டும். இதே கில்ஃபோர்டு அருகே, 1755-ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்களன்று, வில்லியம் பிரே என்ற 18 வயது இளைஞர் தாம் இளம்பெண்களோடு சேர்ந்து ‘பேஸ்பால்’ ஆடியதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவின் ஆட்டமாகவே நாம் அறிந்த ஒன்றின் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றிலேயே பெண்கள் ஆடுகிறார்கள்.

மாணவியருக்கு 1747-ஆம் ஆண்டையும் சொல்லுங்கள். அந்த ஆண்டு ஜூலையில் சசெக்ஸ் கிராமப் பெண்கள் லண்டனின் ஆர்ட்டிலரி மைதானத்தில் ஆடியபோது, கூட்டம் களத்துக்குள் புகுந்துவிட்டது. சிலர் அஞ்சினர், சிலர் காயமுற்றனர். ஆட்டத்தை மறுநாள்தான் முடிக்க முடிந்தது. 1811-இல் சர்ரே, ஹாம்ப்ஷயர் பெண்கள் ஆடிய ஆட்டமோ இரண்டு பிரபுக்கள் 500 கினி (அக்கால ஆங்கிலேயப் பொற்காசு) பந்தயம் கட்டியதால் நடந்தது.

இனி அந்தப் பாவாடைக் கதை. கென்ட் பகுதியைச் சேர்ந்த ஜான் வில்ஸ் என்பவருக்கு அவருடைய சகோதரி கிறிஸ்டியானா பந்து வீசிப் பயிற்சி தந்தார் என்றும், வளையம் வைத்த பாவாடை இடித்ததால் கையைப் பக்கவாட்டில் தோள் வரை தூக்கி வீசினார் என்றும், அதைக் கண்டு அண்ணன் கற்றுக்கொண்டார் என்றும் கதை சொல்கிறது. கையைத் தாழ்த்தி வீசுவதே விதியாக இருந்த 1822-இல் லார்ட்ஸ் மைதானத்தில் வில்ஸ் அப்படி வீச, நோ-பால் என்று நடுவர் அறிவித்தது உண்மை. எனினும், இதே வகை வீச்சை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டாம் வாக்கர் என்ற ஆட்டக்காரர் முயன்று தடுக்கப்பட்டிருக்கிறார். மேலும், 1800-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பெண்கள் வளையப் பாவாடை அணியும் வழக்கத்தை விட்டு, உடலோடு ஒட்டி விழும் நீள உடைக்கு மாறியிருந்தனர். சகோதரி வீசிப் பழக்கியிருக்கலாம். பாவாடைதான் காரணம் என்பது நிற்கவில்லை. ‘ஒரு கதை உண்டு’ என்ற சொற்களோடு இதை வைத்தால், ஐயத்தை எப்படி ஆராய்வது என்று காட்டும் நல்ல பலகையாகவே அது அமையும்.

முதல் பலகையில் இப்படி எழுதலாம்: ‘பெண்கள் ஆடிய கிரிக்கெட் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய செய்தி 1745-க்குரியது; பெண்களின் முதல் டெஸ்ட் 1934-இல் நடந்தது; பெண்களின் முதல் உலகக் கோப்பை 1973-இல், ஆண்களுடையதற்கு 2 ஆண்டுகள் முன்பே நடந்தது.’ நாடாக்களின் நீலத்தையும் சிவப்பையும் மாணவியரே பலகையின் ஓரத்தில் தீட்டட்டும்.