உமே காயும் கற்கண்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜூன் மாதம் பிறந்தால் இங்குள்ள கடைகளில் பச்சை உமே காய்களையும் (ஜப்பானியப் புளிப்புப் பழவகை), பெரிய கண்ணாடி ஜாடிகளையும், கற்கண்டையும் ஒரே இடத்தில் அடுக்கிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மையார் ஆண்டுதோறும் உமேஷு (உமே காயை ஊறவைத்த மது) போடுகிறார். நானும் என் கணவரும் முதல் முறையாகச் செய்து பார்க்க விரும்புகிறோம். அளவும் முறையும் சொல்லுங்கள். கற்கண்டுக்குப் பதிலாகச் சாதாரணச் சர்க்கரை சேர்த்தால் ஆகாதா?
– வாசகி, நிஷி-கசாய், டோக்கியோ

பதில்: ஜப்பானிய வீடுகளில் பரவலாகக் கைக்கொள்ளும் அளவு இதுதான்: பச்சை உமே 1 கிலோ, கற்கண்டு 500 கிராம் முதல் 1 கிலோ வரை, 35 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஷோச்சு (ஜப்பானிய வடிமது) 1.8 லிட்டர். இந்த ஷோச்சு கடைகளில் ‘ஒயிட் லிக்கர்’ என்ற பெயரில் கிடைக்கும். இவை அனைத்தும் கொள்ள 4 லிட்டர் ஜாடி வேண்டும். வக்கயாமா மாவட்டத்து மினாபே ஊரில் தோன்றிய ‘நான்கோ’ என்னும் வகை சதைப்பற்று மிகுந்தது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். அடிபட்டதும் கறுத்த புள்ளி விழுந்ததும் ஜாடிக்குள் போகக்கூடாது, ஏனெனில் கெட்ட காய் ஒன்றிருந்தாலும் மது முழுவதும் கலங்கிவிடும்.

காய்களைக் கழுவி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் ஒற்றி, காம்புக் குழியில் ஒட்டியிருக்கும் சிறு கறுப்புத் துணுக்கை மூங்கில் குச்சியின் முனையால் நெம்பி எடுக்க வேண்டும். அந்தக் குழிக்குள் ஈரம் தங்கியிருக்கிறதா என்று பார்த்து மறுபடியும் ஒற்றுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இதில் காட்டும் கவனம் முடிவில் சுவையில் தெரியும். ஊறுகாய் ஜாடியைப் போலவே இந்த ஜாடிக்கும் ஈரம் ஆகாது. ஒரு வரிசை காய், ஒரு வரிசை கற்கண்டு என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே ஷோச்சுவை ஊற்றி மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். மூன்று மாதத்தில் வெளிர் பொன்னிறம் கூடிக் குடிக்கும் பதம் வரும். ஓராண்டு பொறுத்தால் நிறம் ஆழ்ந்து, சுவையும் முதிரும். அதன்பின் காய்களை எடுத்துவிடுவது நல்லது.

இனிச் சர்க்கரைக் கேள்விக்கு வருகிறேன். கற்கண்டின் பெருமையே அது மெதுவாகக் கரைவதில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் காயைச் சுற்றியுள்ள மதுவில் இனிப்பு குறைவு என்பதால் ஆல்கஹால் தோலைக் கடந்து உள்ளே புகுந்து, அங்குள்ள புளிப்பையும் மணத்தையும் தன்னில் ஏற்றுக்கொள்கிறது. நாட்கள் செல்லச்செல்லக் கற்கண்டு கரைந்து வெளியே இனிப்பு அடர்த்தியாகும்போது, சவ்வூடு பரவலின்படி, அந்தச் சாறேறிய மது காயிலிருந்து மீண்டும் வெளியே இழுக்கப்படுகிறது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து பாதாம் மணம் தரும் பென்சால்டிஹைடும் இப்படித்தான் வந்து சேர்கிறது. பொடிச் சர்க்கரையோ சட்டென்று கரைந்து முதல் நாளிலேயே வெளிப்புறத்தை அடர்த்தியாக்கிவிடும். ஆல்கஹால் உள்ளே போகுமுன்பே காய் வற்றிச் சுருங்கி, மணத்தில் பெரும்பகுதியை உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஆகவே கற்கண்டையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: 35 விழுக்காடு என்பது மிகவும் கடுமையாகத் தோன்றுகிறது. 20 விழுக்காட்டு ஷோச்சுவில் போட்டால் மென்மையாக இருக்காதா? மேலும், எங்கள் தமிழ் நண்பர்கள் கூடும் விழாவில் சிறிய விலைக்குக் கோப்பையில் ஊற்றித் தரலாம் என்று நினைக்கிறேன்.
– வாசகர், யோக்கஹாமா

பதில்: ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.8 லிட்டரில் 35 விழுக்காடு என்றால் 630 மில்லிலிட்டர் ஆல்கஹால். காயிலிருந்து இறங்கும் சாறும் கரைந்த கற்கண்டும் சேர்ந்து மொத்த அளவு ஏறத்தாழ 3 லிட்டரைத் தொடும்போது, அது சுமார் 20 விழுக்காடாகத் தணிந்துவிடும். 20 விழுக்காட்டு மதுவில் தொடங்கினால் முடிவு 12 விழுக்காட்டை ஒட்டி வந்து நிற்கும்; அந்த அளவில் காயின் மேலுள்ள ஈஸ்ட் பிழைத்துக்கொண்டு நொதித்தல் தொடங்கக்கூடும். மென்மை வேண்டுமானால் குடிக்கும்போது தண்ணீரோ பனிக்கட்டியோ சேர்த்துக்கொள்ளலாம்.

சட்டமும் இதையொட்டியே நிற்கிறது. ஜப்பானில் உரிமம் இன்றி மது தயாரிப்பது குற்றம். மதுவில் பழத்தை ஊறவைப்பதையும் சட்டம் தயாரிப்பாகவே கருதுகிறது. 1962ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் வீட்டில் ஊறவைக்க வழி பிறந்தது. வரி செலுத்திய, 20 விழுக்காடோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள மதுவாக இருக்க வேண்டும். புதிதாக நொதித்தல் நிகழக்கூடாது. திராட்சையும் காட்டுத் திராட்சையும் சேர்க்கக்கூடாது. 2007இல் என்.எச்.கே. தொலைக்காட்சியின் சமையல் நிகழ்ச்சி ஒன்றே, ஆல்கஹால் குறைந்த மிரினில் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) உமேஷு போடும் முறையைக் காட்டிவிட்டு, அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்து மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

விழாவில் விற்கும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். இந்த விலக்கு, செய்தவர் தம் வீட்டில் அருந்துவதற்கு மட்டுமே உரியது. விலை சிறியதானாலும் விற்பனை விற்பனைதான். பிறர் கேட்டுக்கொண்டதற்காகச் செய்து கொடுப்பதும் இதில் அடங்காது. 2008 முதல் விடுதிகளும் உணவகங்களும் வரி அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்துவிட்டுத் தம் இடத்திலேயே பரிமாற அனுமதி உண்டு. அது தனி ஏற்பாடு.

கேள்வி: இரண்டு மாதத்திற்கு முன் போட்ட உமேஷுவில் சில காய்கள் சுருங்கி மிதக்கின்றன. கெட்டுவிட்டதா?
– வாசகர், ஓசாக்கா

பதில்: இல்லை. சுருக்கம் இனிப்பின் இழுப்பால் வருவது. மிதப்பவையும் மெல்ல அடியில் தங்கும். ஜாடியை வாரம் ஒருமுறை சாய்த்துச் சுழற்றுங்கள். காய்கள் எப்போதும் மது மட்டத்துக்குக் கீழே நனைந்திருக்க வேண்டும். குமிழ்கள் தொடர்ந்து எழுந்தாலோ, மேலே பூஞ்சை படர்ந்தாலோ, தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகள் டோக்கியோவில் வீட்டிலேயே மது ஊறவைப்பதாகச் சொல்கிறாள். கள்ளக்குறிச்சிச் செய்தியைப் படித்த எனக்கு அச்சமாக இருக்கிறது.
– ஒரு தாய், சேலம்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். உங்கள் மகள் செய்வதோ வேறு: அவர் காய்ச்சவும் இல்லை, வடிக்கவும் இல்லை, ஆய்வுக்கு உட்பட்டு விற்கப்படும் மதுவில் காயை ஊறவைக்கிறார். இதில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உண்டாக வழியில்லை. மதுவை நம்பகமான கடையில் வாங்குகிறாரா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயினும் மது மதுதான். அளவு மீறினால் இதுவும் உடலைக் கெடுக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாரும் மது அருந்துவதில்லை. உமே காயைக் குழந்தைகளுக்குப் பயன்படும்படி செய்ய வழி உண்டா?
– வாசகி, கோபே

பதில்: உமே சர்பத் செய்யுங்கள். கழுவித் துடைத்த 1 கிலோ காயை ஓர் இரவு உறையவைத்தால் சாறு எளிதில் இறங்கும். அதை 1 கிலோ கற்கண்டோடு ஜாடியில் அடுக்கி, நாள்தோறும் சாய்த்துச் சுழற்றிவந்தால் பத்து முதல் பதினைந்து நாளில் பாகு திரண்டுவிடும். காய்களை அகற்றி, பாகைக் கொதிக்கவிடாமல் மிதமாகச் சூடாக்கி, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த நீர் நான்கு பங்குக்கு ஒரு பங்கு பாகு போதும். பச்சை உமேயைக் குழந்தைகள் கடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பச்சைக் காயிலும் கொட்டையிலும் உள்ள அமிக்டலின் வயிற்றில் நஞ்சாக மாறக்கூடியது.