தங்கச்சிமடம் அட்டை, ராமநாதபுரம் வீடு: ஓட்டு எங்கே?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து ராமநாதபுரம் டவுனுக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. வாக்காளர் அட்டை பழைய விலாசத்தில்தான் இருக்கிறது. "தொகுதி மாறிப்போச்சு, புது அட்டைதான் எடுக்கணும், 1,500 ரூபாய் ஆகும்" என்கிறார் ஒரு தரகர். என் கணவர் மீன்பிடித் தடைக்காலத்தில் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போய்விடுவார். அவர் பெயரை நீக்கிவிடுவார்களா?

பதில்: அந்த 1,500 ரூபாயை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. உங்கள் தொகுதி மாறவே இல்லை. தங்கச்சிமடம் இருக்கிற ராமேஸ்வரம் தீவும் ராமநாதபுரம் டவுனும் ஒரே சட்டமன்றத் தொகுதி, எண் 211. மாறுவது வாக்குச்சாவடி மட்டும்தான். அதற்குப் படிவம் 8 போதும், கட்டணம் கிடையாது, அட்டை எண்ணும் பழையதேதான்.

தரகர் உங்களுக்குப் போடப் பார்ப்பது படிவம் 6. அது முதல்முறை பெயர் சேர்ப்பவர்களுக்கு. வேறு எங்கும் என் பெயர் இல்லை என்று அதில் நீங்கள்தான் கையெழுத்துப் போடுவீர்கள். அது பொய் என்று தெரிந்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது சட்டம். மாட்டுவது நீங்கள், தரகர் இல்லை. கட்சிக்காரர் படிவங்களை மொத்தமாக வாங்கிப் போகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். 2006-ல் காங்கிரஸ், 2011-ல் மனிதநேய மக்கள் கட்சி, 2016-ல் அ.தி.மு.க., 2021-ல் தி.மு.க. என்று நான்கு தேர்தலில் நான்கு கட்சியை ஜெயிக்க வைத்த தொகுதி இது. இங்கே உங்கள் ஒரு ஓட்டை எல்லோருமே எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் நம் கரையில் தப்பாகச் சொல்லிக் கெடுக்கிறார்கள். தொழிலுக்காகக் கொஞ்ச காலம் வெளியே இருப்பதால் ஒருவர் குடியிருப்பு போய்விடாது என்று 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. கேரளாவில் இரண்டு மாதம் இருந்தாலும், குடும்பம் இங்கே இருந்து அவர் திரும்பி வருகிறவர் என்றால் பெயர் இங்கேதான். ஆனால் தங்கச்சிமடத்தில் சொந்த வீடு இருக்கிறதே, ஓட்டு அங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்தால் அது செல்லாது. வீடு வைத்திருப்பது மட்டும் குடியிருப்பு ஆகாது. பட்டியலைச் சரிபார்க்க வருகிறவர்கள் பூட்டிய வீட்டைப் பார்த்துத்தான் 'குடிபெயர்ந்தவர்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அப்படிப் பெயர் போனவர்கள் கையில் அட்டையோடு சாவடி வாசலில் நின்று அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஆத்திரம் வேறொன்றில். நம் பக்கம் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள். 2024 ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19, 2016-ல் மே 16. விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, கூலிக்குப் போகிறவர்கள் கேரளாவில் இருக்கிற நாள். அவர்களுக்குத் தபால் ஓட்டும் கிடையாது. இத்தனை தேர்தல் நடத்தியும் இதற்கு ஒரு வழி பிறக்கவில்லை! அவர் அன்று நேரில் வந்துதான் ஆகவேண்டும்.

படிவம் 8-ஐ ஆளுக்கு ஒன்றாக உங்கள் பகுதி பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொடுங்கள், அல்லது ஆன்லைனில் போடுங்கள். ரசீது எண் இல்லாமல் திரும்பாதீர்கள். பிறகு புதுப் பட்டியலில் பெயரோடு கணவர் பெயர், வயதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒரே சாவடிப் பட்டியலில் நாலைந்து அந்தோணியம்மாள் இருப்பார்கள். பெயர் வராவிட்டால் 1950 என்கிற வாக்காளர் உதவி எண்ணுக்கு போன் போட்டு அந்த ரசீது எண்ணைச் சொல்லுங்கள்.